தேர்வுக்குப் பேசியவர்

மேடைப் பேச்சைக் கேட்டு எழுதியே முப்பத்தைந்து வருஷம் சம்பளம் வாங்கியவன் நான். அடுக்குமொழிக்காரர்கள், அழுது பேசுகிறவர்கள், சோடா குடிப்பதற்கு முன்னால் ஒரு குரலும் குடித்த பிறகு ஒரு குரலுமாகப் பேசுகிறவர்கள் என்று எல்லோர் காலடியிலும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். கேட்டதிலேயே சிறந்த பேச்சாளர் யார் என்று இப்போதும் யாராவது கேட்பார்கள். கொடைக்கானல் கடைத்தெருவில் கிழங்கு மண்டி வைத்திருந்த பாய் என்று சொல்வேன். கேட்டவர் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர் கேட்டதில்லை, நான் கேட்டிருக்கிறேன்.

பாய்க்குப் பெயர் உண்டு. எழுதப் போவதில்லை. உயிரோடு இருந்திருந்தால், "பேரைப் போடச் சொல்லி நான் எப்பங்க சொன்னேன்?" என்று கேட்டிருப்பார்.

ஐம்பதுகளின் கடைசியில் மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். வருஷத்துக்கு ஏழெட்டுப் பேரைப் பயிற்சி நிருபர்களாக எடுப்போம். ஆறு மாதம் கழித்து அவர்களுக்கு ஒரு தேர்வு. யாராவது ஒருவர் இருபது நிமிஷம் பேசுவார். அதைக் கேட்டு, ஒரு மணி நேரத்துக்குள் செய்தியாக எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் முதலாளி சீசன் முழுக்கக் கொடைக்கானலில் பங்களா பிடித்துத் தங்குகிறவர். தேர்வையும் அங்கேயே வைத்துவிடுங்கள் என்பார். விடைத்தாள் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. நாங்கள் வத்தலக்குண்டில் பஸ் மாறி, வழியெல்லாம் வாந்தி எடுத்து, வெளிறிப்போன முகத்தோடு பங்களா வாசலில் வந்து நிற்பதைப் பார்ப்பதில் அவருக்கு ஏதோ ஒரு திருப்தி.

முதல் வருஷம் பேசியவர் ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர். முதலாவதாக, இரண்டாவதாக என்று வகுத்து, முக்கியமானதை முதலிலேயே சொல்லி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு எழுதிக்கொள்ள நேரமும் கொடுத்தார். எட்டுப் பேரும் தேறினார்கள். அதே எட்டுப் பேரையும் நிஜக் கூட்டங்களுக்கு அனுப்பினோம். அவர்கள் கொண்டுவந்த செய்திகளைத் திருத்தியதில் எனக்கு வயிற்றுவலியே வந்துவிட்டது. நிஜத்தில் எவனும் அப்படிப் பேசுவதில்லையே.

மறு வருஷம் தேர்வு நாளன்று மலைப்பாதையில் மரம் விழுந்து, பேராசிரியரின் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. வாடகைக்குப் பிடித்திருந்த பள்ளிக்கூட அறையில் எட்டுப் பேர் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேச ஆள் தேடி நான் கடைத்தெருவுக்கு ஓடினேன். மண்டி வாசலில் ஒரு லாரி டிரைவரை நிறுத்திவைத்து ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தொட்டிருப்பார். கைலிக்கு மேல் பழுப்புக் கோட்டு, தலையில் வெள்ளைத் தொப்பி, கழுத்தில் மப்ளர்.

"நாளைக்கே லோடு கெடைச்சுரும்னு நீங்கதான பாய் சொன்னீங்க?" என்றார் டிரைவர்.

"எப்பச் சொன்னேன்? எங்க வச்சுச் சொன்னேன்? பக்கத்துல யாரு இருந்தா?" என்று பாய் கேட்டார். சத்தம் போடவில்லை. "மழ விட்டா நாளைக்கு லோடு வரும்னு சொன்னேன். மழ விட்டாங்கிறத நீங்க பாதி வழியிலயே எறக்கிவிட்டுட்டு மிச்சத்த மட்டும் தூக்கிட்டு வந்துட்டீங்க."

நான் ஆறு மாதமாக அந்த எட்டுப் பேருக்குச் சொல்ல வராமல் திணறிய விஷயத்தை ஒரு மண்டிக்காரர் லாரி டிரைவருக்கு இரண்டே வரியில் சொல்லிவிட்டார்.

"பாய், இருபது நிமிஷம் பேசணும்" என்றேன்.

"யாருகிட்ட?"

"எட்டுப் பேர்கிட்ட."

"என்னத்தப் பத்தி?"

"உங்க இஷ்டம்."

"எனக்குக் கெழங்கப் பத்தித்தாங்க தெரியும்."

"அது போதும்."

கோட்டுப் பையில் ஒரு உருளைக்கிழங்கைப் போட்டுக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார். அந்தக் கிழங்கைக் கையில் உருட்டிக்கொண்டேதான் பேசினார். முதல் ஐந்து நிமிஷம் தன் இடுப்பு வலி. அடுத்த ஐந்து நிமிஷம் கொடைக்கானல் குளிரில் இட்லி மாவு புளிக்க மறுப்பது. பழநிப் பக்கம் தண்ணீர்க் கஷ்டம் என்கிறார்களே, இந்த ஏரியை ஒரு சாக்கில் கட்டிக் கீழே அனுப்பிவிட்டால் என்ன என்று நடுவில் ஒரு வேடிக்கை. கொடைக்கானலுக்கும் மேலே, மேல்மலை ஊரான மன்னவனூரிலிருந்து வாரத்துக்கு அறுபது குதிரை பொதி வருகிறது என்றார். கடைசியில், கதவுப் பக்கம் போனவர் திரும்பி நின்று சொன்னார்:

"அறுவதுன்னு சொல்லிட்டேன். அது போன வருசக் கணக்கு. இப்ப நாப்பதுதான். அதுவும் கொறயும். வெதைக்கி வச்ச கெழங்கெல்லாம் குழியிலயே அழுகிக் கெடக்கு. அடுத்த போகத்துக்கு மேல்மலையில வெதைக்க கெழங்கு இல்ல. சரி, நான் வாரேன், கடையில சோலி கெடக்கு."

செய்தி அதுதான். மேல்மலையில் அடுத்த போகத்துக்கு விதை இல்லை. இருபது நிமிஷத்தில் அது ஒன்றுதான் செய்தி. அதற்குள் ஆறு பேர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்கள்.

விடைத்தாள்களை வாங்கிப் பார்த்தேன். "கூட்டம் இறைவணக்கத்துடன் இனிதே தொடங்கியது" என்று ஐந்து பேர் ஆரம்பித்திருந்தார்கள். யாருமே பாடவில்லை. பேச்சாளருக்கு மாலை அணிவிக்கப்பட்டதாக மூன்று பேர். அந்த அறையில் ஒரு பூகூடக் கிடையாது. வகுப்பில் கற்றுக்கொடுத்த பழக்கத்தில், கை தானாக மாலையைப் போட்டுவிட்டது. ஒருவன் இரண்டு பக்கம் எழுதியிருந்தான்: உருளைக்கிழங்கின் சிறப்பு பற்றிப் பேசினார், மலைவாழ் மக்களின் நிலை பற்றிப் பேசினார், தட்பவெப்பம் பற்றிப் பேசினார். எதைப் பற்றி என்று எல்லாம் இருந்தது. என்ன சொன்னார் என்பது மட்டும் இல்லை. அறுபது குதிரை எட்டுத் தாளிலும் அப்படியே நின்றது. இன்னொருவன் தலைப்பே போட்டிருந்தான்: "கொடைக்கானல் ஏரியைப் பழநிக்குக் கொண்டுவர வியாபாரி வலியுறுத்தல்."

சாயங்காலம் எட்டுத் தாளையும் எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனேன். பேசியவருக்குக் காட்டிவிடுவது மரியாதை என்று நினைத்தேன். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு தாளையும் விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். கடுங்காப்பி ஆறிப்போனது. ஒரு தாளில், "விவசாயிகள் சொல்லொணாத் துயரில் ஆழ்ந்திருப்பதாக நெஞ்சுருக வேதனையுடன் குறிப்பிட்டார்" என்று இருந்தது.

"நான் எங்கங்க வேதனப்பட்டேன்?" என்றார். "எனக்குக் கோவம்ல வந்துச்சு. குழி வெட்டும்போதே வடிகால் போடுங்கடான்னு தல தலயா அடிச்சுக்கிட்டேன், கேக்கல. கோவத்த எடுத்துட்டு வேதனய வச்சிருக்காரே இந்தத் தம்பி."

"மேடையில பேசினா அப்படித்தான் எழுதுவாங்க பாய்."

"நான் மேடையில நிக்கலயே. தரையிலதான நின்னேன்."

பிறகு, கேட்காமலேயே, தாள்களைத் தரம் பிரித்தார். கிழங்கைப் பிரிக்கிற மாதிரியே மூன்று குவியல். விதைக்கு ஆகிறது, சமையலுக்கு ஆகிறது, மாட்டுக்குப் போகிறது. விதைக்குவியலில் ஒரு தாள்கூடச் சேரவில்லை. ராத்திரி நான் மதிப்பெண் போட்டுப் பார்த்தபோது ஒரு தாள்கூட அவர் போட்ட குவியலை விட்டு மாறவில்லை. அதற்குப் பிறகு பேராசிரியரை நாங்கள் கூப்பிடவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் பாய்தான். மற்ற பத்திரிகைக்காரர்கள் பெரிய பெரிய வக்கீல்களைக் கூட்டிவந்து தேர்வு வைத்தார்கள். எங்களுக்குப் பேச ஒரு பாய் இருக்கிறார் என்று நான் மதுரை முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

தேர்வில் அவர் செய்யாத குறும்பு இல்லை. ஒரு வருஷம் அவர் பேசப்போவதை முன்கூட்டியே அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். பெரிய மனிதர்களின் கூட்டத்தில் அப்படித்தானே கொடுக்கிறார்கள். பாய் எழுந்து முதல் பத்தியை ஒப்பித்தார். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அதில் இருந்ததில் பாதியைத் தான் இப்போது ஒத்துக்கொள்வதில்லை என்று ஆரம்பித்துவிட்டார். நான்கு பேர் தலையைத் தூக்கவே இல்லை. அச்சடித்ததைப் பார்த்து அழகாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். "இவுகளுக்கு நான் எதுக்குங்க? அந்தப் பேப்பரையே நாக்காலியில ஒக்கார வச்சிருக்கலாமே" என்றார் பாய்.

தன் பேச்சு விஷயத்தில் இவ்வளவு கறாரான மனிதரை நான் கண்டதில்லை. பேசிக்கொண்டே போகும்போது ஒரு வார்த்தைக்காகத் தயங்குவார். நாம் உதவியாக ஒன்றை எடுத்துக் கொடுத்தால், அது பொருத்தமான வார்த்தையாகவே இருந்தாலும் வாங்கிக்கொள்ள மாட்டார். "அது நீங்க சொல்றது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதைத் தேடுவார். மகளைப் பழநிக் கடைத்தெருவில் ஒரு குடும்பத்தில் கேட்டார்கள். தூது வந்தவரிடம் யோசிக்கிறேன் என்றாராம். அந்த மனிதர் பழநிக்குப் போய், பாய்க்குப் பரம திருப்தி என்று சொல்லிவிட்டார். பாய் மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கி, வத்தலக்குண்டு, திண்டுக்கல் என்று சுற்றி, பழநி போய்ச் சேர்ந்து, மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்று, "நான் யோசிக்கிறேன்னுதாங்க சொன்னேன். இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த சர்பத்தைக் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். பத்து நாள் கழித்துச் சம்மதம் சொன்னார். அவர் மனைவி இதை என்னிடம் சொல்லும்போது தலையில் அடித்துக்கொண்டார். "அந்தப் பத்து நாளு நான் சோறு திங்கலங்க" என்றார்.

எனக்குக்கூட அப்போது இது கொஞ்சம் அதிகப்படி என்றுதான் தோன்றியது. அவருடைய வியாபாரம் முழுக்க வாயால் நடக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது. மன்னவனூர், கவுஞ்சிக்காரர்கள் கிழங்கு தோண்டுவதற்கு முன்பே அவரிடம் வந்து கேட்பார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்வார். அதை நம்பிக் குதிரை மேல் பொதி ஏற்றுவார்கள். எழுத்து, கையெழுத்து எதுவும் கிடையாது. பாய் சொன்னால் சொன்னதுதான் என்று மேல்மலை முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சை ஒரு நாள் நான் கெடுத்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆவணி மாதம். மேல்மலைக்கு லாரி போகிற மாதிரி சாலை போடுவது பற்றிக் கேட்டறிய ஒரு பெரிய அதிகாரி கொடைக்கானலுக்கு வந்தார். கூட்டத்துக்கு நிருபர் கிடைக்காமல் நானே போனேன். வியாபாரிகள் சார்பில் பாய் பேசினார். அவர் சொன்னதை என் நோட்டிலிருந்து அப்படியே தருகிறேன்:

"மதுர மண்டிக்காரங்க என்ன சொல்றாங்க? மேல்மலக் கெழங்கு குதிர முதுகுல அடிபட்டு வருது, தாங்காது, அத வாங்கி வக்கிறது வீணுன்னு சொல்றாங்க. நான் அத ஒத்துக்கல. அது கெழங்கோட குத்தமில்ல, பாதையோட குத்தம். பாதயப் போடுங்க."

கூட்டம் முடிந்து, தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து செய்தி எழுதினேன். நாற்பது வரிக்கு மேல் போகக் கூடாது. மேடையில் உட்கார்ந்திருந்த பதினோரு பேரின் பெயரும் பதவியும் ஒன்பது வரியைத் தின்றுவிட்டன. பலத்த கைதட்டலுக்கு ஒரு வரி. பாயின் பேச்சில் கைவைத்தேன். "மதுரை மண்டிக்காரர்கள் சொல்கிறார்கள்" என்பதை அடித்தேன். "ஒத்துக்கொள்ளவில்லை" என்பதையும் அடித்தேன். சாலை வேண்டும் என்கிறார், அது வந்துவிட்டதே, போதும் என்று நினைத்தேன். மறுநாள் பத்திரிகையில் வந்தது: "மேல்மலைக் கிழங்கு குதிரை முதுகில் அடிபட்டு வருவதால் தாங்குவதில்லை, அதை வாங்கி வைப்பது வீண், எனவே சாலை அமைக்க வேண்டும் என்று கிழங்கு வியாபாரி கேட்டுக்கொண்டார்."

எதிராளி சொன்னதைப் பேச்சாளரின் வாயில் ஏற்றிவிடுவது. இதற்கு எங்கள் தேர்வில் மன்னிப்பே கிடையாது. அந்த ஒரு தப்புக்காக மூன்று பேரை நானே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஐந்தாம் நாள் மதுரை அலுவலகத்துக்கு ஒரு தபால் கார்டு வந்தது. "செய்தி பார்த்தேன். இதில் என் பேச்சு இல்லை. வரவும்." அவ்வளவுதான். நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் அடித்துவிட்ட வார்த்தைகள் அதில் அப்படியே இருந்தன.

நான் போய்ச் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை, சந்தை நாள். மேல்மலைக் குதிரைகள் எல்லாம் எதிர்வரிசையில் இன்னொரு மண்டி முன்னால் நின்றன. பாயின் கடையில் தராசுத் தட்டு காலியாகத் தொங்கியது. எதிர் மண்டிக்காரர் அந்தச் செய்தியை டீக்கடையில் வைத்துக் குதிரைக்காரர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். 'உங்கள் கிழங்கு வீண் என்று பாயே சொல்லிவிட்டார்.' அறுவடை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. அந்தப் போகம் முழுக்க இப்படியே போனால் மண்டியை மூட வேண்டியதுதான் என்று லோடு தூக்குகிறவர் என் காதோடு சொன்னார்.

"மறுப்புப் போட்டுடறேன் பாய்" என்றேன்.

"போடுங்க. அந்தப் பேப்பரு மேல போயிச் சேர ஒரு வாரம் ஆகும். கெழங்கு காத்திருக்காது."

"நீங்களே ஒரு நடை மேலே போய்ச் சொல்லிடக் கூடாதா? உங்களை நம்புவாங்களே."

"நான் அப்பிடிச் சொல்லலன்னு நானே போயிச் சொன்னா, அது யாவாரம். சொன்னவன் தனக்கு நல்லது வர்றதுக்குத் தானே சாட்சி சொல்லக் கூடாதுங்க. கேட்டவன் சொல்லணும். நீங்கதான கேட்டீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவே இல்லை. எனக்கு ஒரு கம்பளியும், சுருட்டிக் கட்டிய இரண்டு சப்பாத்தியும் கொடுத்தார்.

மறுநாள் வெள்ளனே கிளம்பி, பூம்பாறை வரைக்கும் மரலாரியில் போய், அதற்கு மேல் நடந்து மன்னவனூர் போய்ச் சேர்ந்தேன். ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் ஆட்களைக் கூட்டச் சொல்லி, நோட்டைப் பிரித்து, பாய் பேசியதை ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் படித்தேன். எழுதியவன் நான்தான், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். பிறகு வயலுக்குத் திரும்பிவிட்டார்கள். அடுத்த நாள் கவுஞ்சி. அங்கே படிக்கட்டு படிக்கட்டாக இறங்கும் வயலிலிருந்து மண் கையோடு ஏறிவந்த ஒரு பெண்மணி மட்டும் முன்னால் வந்து நின்றார். புருஷன் இறந்த பிறகு தனியாகவே வெள்ளாமை பார்க்கிறவர் என்று பிற்பாடு தெரிந்தது.

"அந்த ஒரு வரிய ஏங்க விட்டீங்க?" என்று கேட்டார்.

"எடம் பத்தலைங்கம்மா."

"வேற என்னென்ன எழுதியிருந்தீங்க?"

சொன்னேன். மேடையில் இருந்த பதினோரு பேர், கைதட்டல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கைதட்டுனத எடுத்துட்டு இத வச்சிருக்கலாம்ல?" என்றார் அவர். கூட்டத்தில் ஒரு சிரிப்புக் கிளம்பியது. இருபது வருஷ அனுபவசாலியான எனக்கு, பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றிவிட்ட மாதிரி இருந்தது.

"சரி, அப்ப எங்க கெழங்க பாய் எடுப்பாருங்களா?" என்று அவரே கேட்டார்.

அங்கேதான் என் நாக்கு மறுபடியும் சறுக்கியது. அத்தனை முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. பாய்க்கு நான் செய்த கெடுதலை ஒரே வாக்கியத்தில் ஈடுகட்டிவிடலாம் என்று தோன்றியது. "என்ன ஆனாலும் சரி, உங்க கடைசிக் கிழங்கு வரைக்கும் எடுப்பேன்னு பாய் சொல்லியிருக்கார்" என்றேன். மந்தையே மலர்ந்துவிட்டது. எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

வெற்றி வீரனாகக் கொடைக்கானல் திரும்பி, நடந்ததை எல்லாம் பாயிடம் சொன்னேன். கடைசி வாக்கியத்தையும் சொன்னேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"எப்பச் சொன்னேன்? எங்க வச்சுச் சொன்னேன்? பக்கத்துல யாரு இருந்தா?"

"இல்ல பாய், உங்களுக்கு நல்லதுதானேன்னு..."

"மொதத் தப்புல என் யாவாரம் போச்சு. அதக்கூடப் பொறுத்துக்குவேன். இந்தத் தப்புல என் வாயே போயிருமே."

"நீங்க எப்படியும் எடுக்கத்தானே போறீங்க? இதை இப்படியே விட்டுட்டா என்ன? எல்லாக் குதிரையும் உங்க வாசல்லதான் வந்து நிக்கும்."

"எடுக்குறேனா எடுக்கலயாங்கிறது வேற சங்கதி. சொன்னேனாங்கிறது வேற சங்கதி." தராசைக் கொக்கியில் மாட்டினார். "ஞாயித்துக்கெழம வருவாங்கள்ல. நானே சொல்லிக்கிறேன்."

"சொன்னவனே சாட்சி சொல்லக் கூடாதுன்னீங்க?"

"நல்லது வர்றதுக்குத்தான் சொல்லக் கூடாதுன்னேன். இப்பக் கெட்டதுல்ல வரப்போகுது. இதுக்குச் சொல்லலாம்."

மதுரைக்குத் தந்தி அடித்து விடுப்பு நீட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அங்கேயே இருந்தேன். மறுப்பு அதற்குள் மூன்றாம் பக்கத்தில் வந்துவிட்டது. அதைக் கடைத்தெருவில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து தூறல். எட்டு மணிக்குக் குதிரைக் கழுத்து மணிச் சத்தம் கேட்டது. நான் சொன்னபடியே எல்லாம் நேராகப் பாயின் வாசலுக்குத்தான் வந்தன. மன்னவனூர்க் குதிரைகள், கவுஞ்சிக் குதிரைகள், அந்த மண்டி அதுவரை பார்க்காத அத்தனை குதிரைகள். லோடு தூக்குகிறவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாயின் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். எதிர் மண்டிக்காரர் தன் வாசலில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

ஒருவர் பொதியை அவிழ்க்கக் கை வைத்தார். பாய் நிறுத்தச் சொன்னார். எந்தப் பெட்டியின் மேலும் ஏறவில்லை. வாசல்படியிலேயே நின்றார். அன்றைக்கு அவர் கையில் கிழங்கு இல்லை.

"அவுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றார். "இந்தப் பேப்பர்க்கார ஐயா உங்ககிட்ட வந்து பேசுனாரு. அவரு படிச்சதெல்லாம் நான் சொன்னது. அது நெசம். ஆனா கவுஞ்சியில கடைசியா ஒண்ணு சொன்னாராம், கடைசிக் கெழங்கு வரைக்கும் எடுப்பேன்னு. அது நான் சொல்லல. அவரு நல்லெண்ணத்துல சொல்லிட்டாரு. நான் எப்பவும் எடுக்குற மாதிரித்தான் எடுப்பேன். நல்லத எடுப்பேன். அழுகுனதக் கழிப்பேன். மழையில நனஞ்சு வந்தத உங்க முன்னாடியே பிரிச்சுப் பாத்துத்தான் எடுப்பேன். அந்த வார்த்தைய நம்பி வந்தவுக இருந்தா, என்னய மன்னிச்சுக்கிட்டு எதிர்த்தாப்புல போங்க. எனக்கு வருத்தமில்ல."

பேச்சு அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட இருக்காது. எங்கள் தேர்வுக்கு அவர் பேசிய எந்தப் பேச்சிலும் செய்தி முதலில் வந்ததில்லை. அன்றைக்குச் சுற்றி வளைக்காமல் நேராகச் செய்திக்கே வந்துவிட்டார். நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். இந்த மனிதரை எனக்குத் தெரியும், இவர் எங்கள் தேர்வுக்குப் பேசுகிறவர் என்று அந்தத் தெரு முழுக்கக் கத்த வேண்டும் போல இருந்தது.

யாரும் கைதட்டவில்லை. குதிரைகள் தலையை உதறின. பின்னால் நின்ற ஒருவர் தன் இரண்டு குதிரைகளையும் திருப்பி, எதிர் மண்டியைப் பார்த்து ஓட்டிக்கொண்டு போனார். இன்னொருவர் அவரைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், பிறகு அவரும் போனார். பாய் அவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார். மூன்றாவதாக ஒரு குதிரை அசைந்தது.

அது கவுஞ்சிப் பெண்மணியின் குதிரை. அது முன்னால் வந்தது. அவர் தானே கயிற்றை அவிழ்த்து, மூட்டையை வாசல்படியில் பாயின் காலடியில் இறக்கி, வாயைப் பிரித்து, மேலே இருந்த நனைந்த கிழங்கு நாலைந்தைத் தானே பொறுக்கித் தெருவில் எறிந்தார்.

"பேசுனது போதுங்க பாய். தராச எடுங்க" என்றார். "வெரசா ஆகட்டும். பொழுதோட பூம்பாறையத் தாண்டணும்."